காஞ்சியில் கிடார் வாங்கினோம்

காஞ்சிபுரத்துக்குப் போய் வந்தோம் என்று யாரிடமாவது சொன்னால், உடனே இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. பெண்மணிகள், "என்ன புடவை வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்கள். வயதானவர்கள், "எத்தனை கோயில் பார்த்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். சென்ற மாதம் நாம் காஞ்சிபுரம் போய்விட்டுத் திரும்பியபோது, முதற் கேள்விக்கு "ஒன்றும் வாங்கவில்லை" என்றும், இரண்டாவது கேள்விக்கு "ஒன்றே ஒன்று" என்றும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. "பின் எதற்குத்தான் போனீர்கள்?" என்று கேட்டார்கள். "மின்சார கிடார் வாங்கப் போனோம்" என்றோம். கேட்டவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். காஞ்சியில் பிள்ளையார்பாளையத்தில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பது வருஷமாகத் தறியில் உட்காருகிறவர். அதிகம் பேச மாட்டார். அவருடைய குமாரன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். மாலை வேளைகளில் தகப்பனாருக்குத் தறியில் துணையாக உட்காருவான். அதற்காக அவர் அவ்வப்போது கொடுத்த பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்து, பதினைந்தாயிரம் ரூபாய் ஆக்கி வைத்திருந்தான்.

ஒரு நாள் காலையில் அவனிடமிருந்து டெலிபோன் வந்தது. "மாமா, எனக்கு ஒரு மின்சார கிடார் வேண்டும். பணம் இருக்கிறது, அப்பாவின் சம்மதந்தான் இல்லை. நீங்கள் வந்து அவரிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்" என்றான். அன்று மாலையே நண்பரிடமிருந்து டெலிபோன். "பையன் என்னமோ கிடார் கிடார் என்கிறான். நீங்கள் வந்து அவனிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். இருவருக்கும் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டோம். இப்படி இரு கட்சிக்கும் வக்கீலாக ஒப்புக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையிலிருந்து மின்சார ரயில் ஏறினோம்.

செங்கற்பட்டு வரையில் ரயிலில் நிற்க இடமில்லை. செங்கற்பட்டைத் தாண்டியதும் கூட்டம் கரைந்து, ஜன்னலோரம் கிடைத்தது. பாலூர், வாலாஜாபாத் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள் வந்தன. வயலும் பனை மரமும் மாறி மாறி ஓடின. நண்பரிடம் என்ன சொல்வது, பையனிடம் என்ன சொல்வது என்று வழி நெடுகத் தயார் செய்துகொண்டே போனோம். அவ்வளவு தயாரிப்பும் பின்னால் வீணாய்ப் போயிற்று.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் காலை வேளையில் நடப்பதே ஓர் ஆனந்தம். தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழைகளைச் சீராக்கிக் கொண்டிருப்பார்கள். பச்சையும் சிவப்புமாய் ஆயிரக்கணக்கான பட்டிழைகள் வெயிலில் மினுமினுக்கும். எதிரே வருகிற சைக்கிள்காரன் அதற்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போவான். வீடுகளுக்குள்ளிருந்து 'டக், டக்' என்று தறிச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். இப்போது அந்தச் சத்தம் முன் போல் எல்லா வீட்டிலிருந்தும் வருவதில்லை. இரண்டு வீட்டில் கேட்டால் மூன்றாவது வீட்டில் டெலிவிஷன் சத்தம்.

நண்பர் தறியில் இருந்தார். உடல் மாம்பழ வர்ணம், கரை அரக்குச் சிவப்பு. இங்கே வாசகர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அதில்தான் நமது வழக்கே அடங்கியிருக்கிறது. காஞ்சிப் பட்டின் பெருமை 'கோர்வை' என்பதில் இருக்கிறது. உடல் ஒரு வர்ணமாகவும் இரு கரைகளும் வேறு வர்ணமாகவும் இருக்க வேண்டுமானால், ஒரே நாடாவால் நெய்ய முடியாது. உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று என்று மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். கரையின் ஊடையும் உடலின் ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். இப்படி நெய்த புடவையில் உடலிலிருந்து கரையைப் பிரித்தெடுப்பது சுலபமான காரியம் அல்ல. இந்த வேலைக்கு நெசவாளர் ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஓரத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். நண்பருடைய தறியில் அந்த இன்னொருவன், கிடார் கேட்கிற பையன்தான்.

நண்பர் கால் மிதியை நிறுத்தாமலே பேசினார்:

"பணம் அவன் பணம். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கிடார் வந்தால் அவன் சாயங்காலம் அதோடு போய்விடுவான். அப்புறம் இந்த ஓரத்து நாடாவை யார் தள்ளுவது? கூலிக்கு ஆள் வைத்துக் கோர்வை நெய்தால் எனக்கு என்ன மிஞ்சும்? கோர்வையை விட்டுவிட்டு ஒரே நாடாவில் நெய்ய வேண்டியதுதான். இந்தத் தெருவில் எத்தனையோ பேர் அப்படித்தான் விட்டார்கள்."

பையன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். "நான் தறியை விடுகிறேன் என்று எப்போது சொன்னேன், அப்பா?" என்றான்.

"நீ சொல்லவில்லை. யாருமே சொல்லிவிட்டு விடுவதில்லை" என்றார் நண்பர்.

இதற்கு மேல் நாம் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட வெளியே வரவில்லை. "வாருங்கள், வெயில் ஏறுவதற்குள் கைலாசநாதரைத் தரிசித்துவிட்டு வருவோம்" என்றோம். வழக்கில் வாய்தா வாங்குவது என்பது இதுதான். போகிற வழியில், மிளகும் சுக்கும் சீரகமும் மணக்கிற காஞ்சிபுரம் இட்டிலியைச் சாப்பிட்டோம். அந்த இட்டிலி உள்ளே போன பிறகு மனிதர்களுக்குச் சண்டை போடும் உற்சாகம் கொஞ்சம் குறைகிறது.

கைலாசநாதர் கோயில் ஊருக்கு மேற்கே அமைதியாக இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் மணற்கல்லால் எழுப்பியது. பிராகாரத்தைச் சுற்றிலும் ஐம்பத்தெட்டுச் சின்னஞ்சிறு சந்நிதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் ராஜசிம்மனுடைய விருதுப் பெயர்களை இருநூறுக்கு மேல் வெட்டி வைத்திருக்கிறார்கள். யுத்தத்தில் அப்படி, தர்மத்தில் இப்படி என்று போகிற அந்தப் பட்டியலில், 'வாத்திய வித்யாதரன்' என்றும் 'வீணா நாரதன்' என்றும் பெயர்கள் வருகின்றன. சளுக்கியரோடு பகை கொண்ட வம்சத்து அரசனுக்கு, வீணையில் நாரதன் என்று சொல்லிக்கொள்வதும் ஒரு வெற்றியாகவே இருந்திருக்கிறது.

சுவரில் ஓரிடத்தில் அர்த்தநாரீசுவரர் ரிஷபத்தின் மேல் சாய்ந்து வீணை வாசிக்கிறார். அந்த வீணை நம் வீட்டு வீணையைப் போன்றதல்ல. வெறும் தண்டு, அதில் தந்தி, மார்போடு அணைக்க ஒரு சுரைக்குடுக்கை. மெட்டு ஒன்றும் கிடையாது. மெழுகில் இருபத்துநான்கு மெட்டுக்களைப் பதித்த வீணை, தஞ்சை நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில் உருவானது என்பார்கள். பையன் அந்தச் சிற்பத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாமா, வீணையே இப்படி மாறிக்கொண்டு வந்திருக்கிறதே!" என்றான். நண்பர் கேட்டும் கேளாதவர் போல் இருந்தார்.

பையன் சொன்னது நியாயம். சங்கீதத்தில் காஞ்சிக்கு உள்ள சொத்து கொஞ்சமல்ல. முத்துஸ்வாமி தீக்ஷிதர் சில காலம் இங்கே வாசம் செய்தார். லயத்தில் சிங்கமென்று பெயரெடுத்த நயினாப் பிள்ளை (1889-1934) இந்த ஊர்க்காரர். டி. கே. பட்டம்மாள் 1919-ல் பிறந்தது இங்கேதான். அந்தத் தீக்ஷிதருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர்தான், சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டு, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். அன்றைக்கு யாராவது, "இது அந்நிய வாத்தியம், வேண்டாம்" என்று தடுத்திருந்தால், இன்று எந்தக் கச்சேரி பிடில் இல்லாமல் நடக்கும்? நம் காலத்திலேயே பாலகொல்லு ஸ்ரீநிவாஸ் (1969-2014) மின்சார மாண்டலினில் எட்டுத் தந்தியை ஐந்தாக்கி, கமகத்தைக் குழைத்துக் கொடுத்தார். முதலில் முகம் சுளித்த ரசிகர்களும் பிறகு முன் வரிசைக்கு வந்தார்கள். இதையெல்லாம் நண்பரிடம் எடுத்துச் சொன்னோம். "கடையையாவது பார்த்துவிட்டு வரலாம்" என்றார் அவர். அது சம்மதமா, அலுப்பா என்று தெரியவில்லை.

காந்தி சாலையில் இரு பக்கமும் பட்டுக் கடைகள். வாசலில் நின்று, "உள்ளே வாருங்கள், பார்த்துவிட்டுப் போங்கள்" என்று அழைக்கிறவர்களை எல்லாம் கடந்து, ஒரு சந்துக்குள் போனோம். அங்கே ஒரு சின்ன வாத்தியக் கடை. மிருதங்கம், ஆர்மோனியம், பள்ளிக்கூடத்து பாண்டு முரசு, கண்ணாடிப் பெட்டியில் நாதஸ்வரச் சீவாளி. இவற்றுக்கு மேலே சுவரில் மூன்று மின்சார கிடார்கள் தொங்கின.

முதலாவது, நெருப்புக் கொழுந்து போன்ற உருவத்தில் செக்கச் சிவந்தது. விலை பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. இரண்டாவது கறுப்பு. பிரபல சீமைக் கம்பெனியின் பெயரைப் போலவே எழுத்து. கூர்ந்து பார்த்தால் ஓரெழுத்து வேறு. விலை ஒன்பதாயிரம். மூன்றாவது சாம்பல் நீலம். கோணலோ கொம்போ இல்லாத, பார்க்கிறவர் கண்ணில் நிற்காத சாதாரண உருவம். விலை பதினோராயிரம். இவற்றோடு ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றும் வாங்கியாக வேண்டும். சின்னது மூவாயிரத்து ஐந்நூறு. பையனுடைய கண் சிவப்பின் மேலேயே இருந்தது. பெட்டியோடு சேர்த்துப் பதினேழாயிரம் ஆகிறதே என்று அவன் மனசுக்குள் கணக்குப் போடுவது நமக்குத் தெரிந்தது.

கடைக்காரர் இளைஞர், நல்லவர். சிவப்பு கிடாரைப் பெட்டியோடு இணைத்து, ஏதோ ஒரு குமிழைத் திருப்பி, தந்தியைத் தட்டினார். சிங்கம் கர்ஜித்தது போலிருந்தது. கண்ணாடிப் பெட்டியில் சீவாளிகள் நடுங்கின. பையன் முகம் மலர்ந்தது.

அப்போதுதான் நண்பர் வாயைத் திறந்தார்:

"தம்பி, இந்தச் சத்தத்தை எடுத்துவிட்டுக் காட்டுங்கள். கடை விளக்கில் எல்லாப் புடவையும் அழகுதான். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால்தான் அதன் யோக்கியதை தெரியும்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே குமிழைத் திருப்பினார். கர்ஜனை போய், வெறும் நாதம் வந்தது. மூன்று கிடார்களையும் அதே பெட்டியில், அதே அளவில் வாசிக்கச் சொன்னோம். சிவப்பில் சில இடங்களில் தந்தி மெட்டில் உரசி 'கிர்ர்' என்றது. கர்ஜனையில் அது மறைந்திருந்தது! பிறகு பையன் தானே பரீட்சையை ஆரம்பித்தான். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்திப் பார்த்தான். தந்தியின் சரி பாதி பன்னிரண்டாவது மெட்டு. அங்கே அழுத்தினால் மேல் ஸ்தாயி ஷட்ஜம் துல்லியமாக வர வேண்டும். கறுப்பில் அது வரவில்லை. குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு உண்டா, முறுக்காணி நழுவுகிறதா என்று எல்லாம் பார்த்தான். இரவல் கிடாரில் அவன் வீணே பொழுது போக்கவில்லை என்று தெரிந்தது.

இடையில் நண்பர், "இதற்குள் மின்சாரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பையன் தந்திகளுக்கு அடியில் இருந்த ஒரு சின்னப் பட்டையைக் காட்டி விளக்கினான். உள்ளே காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. எஃகுத் தந்தி அதன் மேல் அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் பாரடே கண்டுபிடித்த தத்துவந்தான். நைலான் தந்தி போட்டால் இந்தக் காந்தம் ஊமை. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் கிடார் வட்டமாக இருந்ததால் அதற்கு 'வறுசட்டி' என்று பெயர் வைத்தார்கள். 1950-ல் கட்டை உடம்போடு ஒரு கிடாரைச் சந்தைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்ட லியோ பெண்டர், ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர்.

"அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது, அப்பா" என்று முடித்தான் பையன்.

நண்பர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா!" என்றார். பிறகு மெதுவாக எழுந்து, கறுப்பு கிடாரைக் கையில் எடுத்தார். அடிப் பக்கத்தைக் கண்ணருகே வைத்து, கழுத்தின் நீளத்துக்கு ஒரு பார்வை பார்த்தார். பாவு நேராக நிற்கிறதா என்று முப்பது வருஷம் பார்த்த கண் அது. "கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லிக் கீழே வைத்தார். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்தபடியாக அவர் செய்ததுதான் அதிசயம். சட்டைப் பையிலிருந்து கழிவுப் பட்டிழை ஒன்றை எடுத்தார். அதைச் சிவப்பு கிடாரின் கழுத்தோரமாக மேலிருந்து கீழே மெல்ல இழுத்தார். நாலைந்து இடங்களில் இழை மாட்டிக்கொண்டு பிசிர் விட்டது. "இந்த உலோகப் பட்டைகளின் முனை தேய்க்காமல் இருக்கிறது. இழையை அறுப்பது விரலை அறுக்காதா?" என்றார். நீல கிடாரில் இழுத்தார். இரண்டே இடங்களில் மாட்டியது.

பையன் சிவப்பை ஒரு முறை பார்த்தான். நீலத்தை ஒரு முறை பார்த்தான். நீலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு சின்ன மெட்டை நிதானமாக வாசித்தான். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தபோது ஸ்வரம் வழுக்கிக்கொண்டு மேலே போய் நின்றது. பெட்டியிலிருந்து லேசாக ஓர் இரைச்சல் வந்தது. ட்யூப் விளக்கை அணைத்ததும் அது குறைந்தது. "இதுவே போதும், மாமா" என்றான்.

விலை பேசும் கட்டம் வந்தது. பதினோராயிரமும் மூவாயிரத்து ஐந்நூறும் பதினாலாயிரத்து ஐந்நூறு. நாம் சும்மா இருப்போமா? "ஆயிரம் ரூபாயாவது குறைக்கச் சொல்லுங்கள்" என்று நண்பருடைய காதில் ஓதினோம். அவர் தலையை அசைத்தார்.

"வேண்டாம். நான் இருபது நாள் உட்கார்ந்து நெய்ததைக் கையில் எடுத்து, 'இதற்கா இவ்வளவு?' என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வர வேண்டாம்."

பிறகு கடைக்காரரிடம், "விலையைக் குறைக்க வேண்டாம், தம்பி. அந்த இரண்டு முனையையும் தேய்த்துக் கொடுங்கள். புதுத் தந்தி ஒரு ஜதை போட்டுக் கொடுங்கள்" என்றார். கடைக்காரர் சின்ன அரத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் வேலை செய்தார். நண்பர் மறுபடியும் இழையை இழுத்துப் பார்த்தார். மாட்டவில்லை. தந்திக்குக் காசு வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் பிடிவாதம் செய்தார். மிச்சமிருந்த ஐந்நூறு ரூபாயில் கிடாரையும் பெட்டியையும் இணைக்கிற கம்பி ஒன்றும் துணி உறை ஒன்றும் கிடைத்தன.

வாசகர்கள் யாராவது தங்கள் வீட்டுக் குழந்தைக்கு இப்படி ஒரு வாத்தியம் வாங்கப் போவதாக இருந்தால், நாம் அன்று கற்ற பாடங்கள் மூன்றே. ஜோடனைச் சத்தத்தை அடக்கிவிட்டுக் கேட்க வேண்டும். கண்ணைக் கவர்வதைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கிடாருக்கு மட்டுமன்றிப் பெட்டிக்கும் சேர்த்துப் பணத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். புடவை வாங்குவதற்கும் இவற்றில் முதல் இரண்டு பொருந்தும்.

வீட்டுக்கு வந்ததும் பையனின் தாயார் கிடாரைச் சுற்றி வந்து பார்த்தார். "கரண்ட் போய்விட்டால் இது பாடாதா?" என்று கேட்டார். "பாடும் அம்மா, மெல்லப் பாடும்" என்று பையன் பெட்டியில்லாமலே வாசித்துக் காட்டினான். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. நண்பர் ஆறு தந்திகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆறே இழை! இதற்கா இத்தனை பாடு?" என்றார். அவர் சிரித்து நாம் பார்த்தது அன்று அதுதான் முதல் தடவை.

மாலை ஆறு மணி ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. பையன் கிடாரை உறையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, தறியில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். மாம்பழ வர்ணமும் அரக்குச் சிவப்பும் மறுபடியும் கோத்துக்கொள்ள ஆரம்பித்தன. நாளைக்கும் மறுநாளும் அவன் அங்கே உட்காருவானா, படிப்பு முடிந்து வேலை கிடைத்தால் அந்த ஓரத்து நாடா என்ன ஆகும் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. நண்பருக்கும் தெரியாது. ஆனாலும் வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது, "படிக்கிற பையன், நாள் முழுதும் தறியும் பாடமுமாகவே இருந்தால் அலுத்துப் போகாதா?" என்று அவரே சொன்னார். காலையில் அவரிடம் சொல்வதற்கென்று நாம் ரயிலில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஏறக்குறைய அதுதான்!

இரவு வீடு திரும்பினோம். வாசலிலேயே அந்தக் கேள்வி காத்துக்கொண்டிருந்தது: "காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டு, கையை வீசிக்கொண்டா வருகிறீர்கள்?"

"மாம்பழ வர்ணம், அரக்குக் கரை, தறியில் பாதி ஆகியிருக்கிறது. நிஜமான கோர்வை" என்றோம்.

பதினைந்து நாளில் அதை வாங்க மறுபடியும் காஞ்சிக்குப் போகிறோம். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்பதாக உத்தேசமில்லை.